எந்தப் பொழுதின் பிள்ளை?

பள்ளி விடுமுறை என்றால் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், தினமும் ஆறு மணிக்கு எழ வேண்டியிருந்தால் உனக்கு எப்படி இருக்கும், இரண்டு மணி நேரப் பரீட்சையை எந்த வேளையில் வைத்தால் நன்றாக எழுதுவாய், தூங்கப் போகும் நேரத்தை நீயே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா அம்மா சொல்லிவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பாய்? அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடனும் அவருடைய சகாக்களும் 1993-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த மாதிரி பத்துக் கேள்விகளைக் கேட்டார்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை கூடினால் பிள்ளை காலைக்காரர், குறைந்தால் மாலைக்காரர். சேவலா ஆந்தையா என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது.

அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் செல்லும் என்பதே இங்கே கேள்வி. பிள்ளையின் உயரத்தை அளக்கச் சுவரில் கோடு போட்டால் போதும். அதன் பொழுதை அளக்கப் போகும்போது அளக்கப்படுவது எது என்பதே குழப்பமாகிவிடுகிறது. பிள்ளையின் உடலா, அது வாழும் வீடா, அது போகும் பள்ளியா?

பெரியவர்களுக்கான அளவுகோல்தான் முதலில் வந்தது. ஜிம் ஹார்னும் ஓலோவ் ஓஸ்ட்பெர்கும் 1976-இல் பத்தொன்பது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். மதிப்பெண் 16-இலிருந்து 86 வரை போகும். இத்துறையில் இன்றும் மிக அதிகமாக எடுத்தாளப்படும் வினாப்பட்டியல் அதுவே. தன் நாளைத் தானே திட்டமிடும் சுதந்திரம் முழுமையாக இருந்தால் என்ன செய்வாய் என்ற கற்பனையின்மேல் அது நிற்கிறது. வேலைக்குப் போகும் ஒருவரால் அப்படிக் கற்பனை செய்ய முடியும். தன் நாளை ஒரு நாள்கூடத் தானே திட்டமிட்டிராத பத்து வயதுப் பிள்ளையால் எப்படி முடியும்? 1989-இல் ஸ்மித், ரெய்லி, மிட்கிஃப் மூவரும் பழைய பட்டியல்களிலிருந்து நல்ல கேள்விகளைப் பொறுக்கிப் பதின்மூன்று கேள்விகளில் ஒரு கலவைப் பட்டியலைச் செய்தார்கள். கார்ஸ்கடன் அதன் மொழியைப் பிள்ளைகளுக்கு ஏற்ப இளக்கினார். பட்டியலின் வரலாறு இவ்வளவுதான். பிள்ளையைப் பார்த்து உருவாக்கியது என்பதைவிடப் பெரியவர் சட்டையைப் பிடித்துத் தைத்தது என்பதே பொருந்தும்.

ஆனாலும் அந்தச் சட்டை ஒரு பெரிய உண்மையைப் பிடித்துவிட்டது. கார்ஸ்கடனின் 1993 ஆய்வில் பங்கேற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், ஏறக்குறைய ஒரே வயதினர். அவர்களில் பருவ மாற்றம் முன்னேறியிருந்த பெண்பிள்ளைகள் மாலைப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளிடமும் அதே திசையில் சாய்வு தெரிந்தது, ஆனால் புள்ளியியல் உறுதி கிடைக்கவில்லை. வயது ஒன்று, வகுப்பு ஒன்று, பள்ளி நேரமும் ஒன்று. உடலின் முதிர்ச்சி மட்டுமே வேறு. அதுவரை பதின்ம வயதினர் இரவு விழிப்பதற்குத் தொலைக்காட்சியும் நண்பர்களும் அடங்காமையும்தான் காரணம் என்று உலகம் முழுவதும் பெற்றோர் சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சை இந்தச் சிறு பட்டியல் முதல் முறையாக ஆட்டிப் பார்த்தது.

கார்ஸ்கடனுக்கு இந்தச் சந்தேகம் திடீரென்று வந்ததல்ல. 1976-இலேயே ஸ்டான்ஃபோர்டில் அவர் கோடைக்காலத் தூக்க முகாம் நடத்தத் தொடங்கியிருந்தார். அதே பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்து தங்கினார்கள். படுக்கையில் பத்து மணி நேரம் கொடுத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். வளர வளரத் தூக்கத்தின் தேவை குறையும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளைப் போலவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். அவ்வளவு தூங்கியும் பருவம் கூடக் கூடப் பகலில் கண் சொருகுவதும் கூடியது.

கார்ஸ்கடனின் பத்துக் கேள்விகளையும் தானே விடை சொல்லக்கூடிய பிள்ளையிடம்தான் கேட்க முடியும். ஐந்து வயதுக் குழந்தையை என்ன செய்வது? ஜூரிச்சில் ஹெலேன் வெர்னர், மோனிக் லெபூர்ஜ்வா, ஓஸ்கார் யென்னி ஆகியோர் அடங்கிய குழு 2009-இல் இதற்கு ஒரு வழி சொன்னது. நான்கு முதல் பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பதிலாக அவர்களுடைய பெற்றோரிடம் இருபத்தேழு கேள்விகளைக் கேட்பது. பள்ளி நாள் தூக்கமும் விடுமுறை நாள் தூக்கமும் தனித்தனியாகக் கேட்கப்பட்டன. பிள்ளையை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு கேள்வி. கடைசியில், உங்கள் பிள்ளை காலைக்காரரா மாலைக்காரரா என்று நேரடியாகவும் கேட்டுவிட்டார்கள். விடைகளைப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டிய அசைவுமானியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தூங்கும் நேரத்திலும் எழும் நேரத்திலும் பெற்றோரின் சொல்லும் கருவியின் பதிவும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

எனக்கு இந்தப் பட்டியலின் மேல் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளையின் படுக்கை நேரம் பெற்றோர் வைத்தது. தான் வைத்த நேரத்தையே தாய் திருப்பிச் சொல்கிறார். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போகும் வீட்டில், பிள்ளை பத்து வரை இருட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததை யார் கண்டது? இந்த இடத்தில் நம் வீடுகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஒரே பாயில் படுக்கும் அம்மாவுக்குப் பிள்ளை எப்போது புரளுவதை நிறுத்தியது என்று தெரியும். பிரதிகூலமும் அங்கேயேதான்: அம்மா தூங்கும் வரை அந்த அறையில் யாரும் தூங்குவதில்லை.

விருப்பத்தைக் கேட்பதை விட்டுவிட்டு நடப்பதைக் கேட்கலாம் என்றார் மியூனிக்கைச் சேர்ந்த டில் ரோன்னபெர்க். 2003-இல் அவரும் அன்னா விர்ட்ஸ்-ஜஸ்டிஸ், மார்த்தா மெரோ ஆகியோரும் வெளியிட்ட பட்டியல் மணி நேரத்தை மட்டுமே கேட்கும். வேலை நாளில் எப்போது தூங்கினாய், எப்போது விழித்தாய், ஓய்வு நாளில் எப்போது? ஓய்வு நாள் தூக்கத்தின் நடுப்புள்ளிதான் அவருடைய அளவு. பன்னிரண்டுக்குத் தூங்கி எட்டுக்கு எழுந்தால் நடுப்புள்ளி நான்கு மணி. எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வார நாளில் தூக்கம் கெட்டவர் ஞாயிற்றுக்கிழமை அதையும் சேர்த்துத் தூங்குவார், நடுப்புள்ளி தள்ளிப்போகும். அது கடிகாரத்தின் இயல்பு அல்ல, கடனின் வட்டி. ஆகவே கணக்கில் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். ஆறு நாள் பள்ளி. இரவு 11 மணிக்குத் தூங்கி 5.30-க்கு எழுகிறாள், ஆறரை மணி நேரத் தூக்கம், நடுப்புள்ளி 2.15. ஞாயிறன்று 12.30-க்குத் தூங்கி 9.30-க்கு எழுகிறாள், ஒன்பது மணி நேரம், நடுப்புள்ளி 5.00. வாரச் சராசரித் தூக்கம் 6 மணி 51 நிமிடம். ஞாயிற்றுத் தூக்கம் அதைவிட 2 மணி 9 நிமிடம் அதிகம். அதில் பாதியைக் கழித்தால் திருத்திய நடுப்புள்ளி ஏறக்குறைய 3.56 என்று வரும். ஞாயிற்றின் 5.00-க்கும் பள்ளி நாளின் 2.15-க்கும் உள்ள இரண்டே முக்கால் மணி நேர இடைவெளிக்கு ரோன்னபெர்க் குழுவினர் 2006-இல் சமூக ஜெட்லாக் என்று பெயர் வைத்தார்கள். சென்னையிலிருந்து விமானம் ஏறாமலேயே வாரம் ஒருமுறை கிழக்கே ஹாங்காங் வரை போய்த் திரும்பும் அலுப்பு அது.

கணக்கில் குறையில்லை. அதன் அடிக்கல்தான் ஆட்டம் காண்கிறது. ஓய்வு நாளில் அலாரம் இல்லாமல் எழுந்திருந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. ஞாயிறு காலை டியூஷன், இசை வகுப்பு, கராத்தே, மாதிரித் தேர்வு என்றிருக்கும் நகரத்துப் பிள்ளைக்கு ஓய்வு நாள் எது? வகுப்பே இல்லாவிட்டாலும், வெயில் ஏறிய பிறகும் படுத்திருக்கும் பிள்ளையை எழுப்பாமல் விடும் பாட்டிகள் குறைவு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிடைக்கும் நடுப்புள்ளி பிள்ளையின் உடற்கடிகாரத்தைக் காட்டாது, பாட்டியின் பொறுமையைத்தான் காட்டும்.

உடற்கடிகாரத்தையே நேராகப் பார்க்க வழி உண்டு. மாலை இருட்டத் தொடங்கியபின், தூங்கப் போவதற்குச் சற்று முன்னதாக, மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும். மங்கலான வெளிச்சத்தில் ஒருவரை உட்காரவைத்து, அரை மணிக்கு ஒரு முறை உமிழ்நீர் எடுத்து, மெலடோனின் எழும்பும் கணத்தைக் குறிக்கலாம். ஆய்வகங்கள் பொன் அளவுகோலாகக் கருதுவது இதுவே. வெளிச்சம் பட்டால் சுரப்பு அடங்கிவிடும் என்பதால் விளக்கை மிக மங்கலாக வைக்க வேண்டும். பஞ்சைக் கடித்து எச்சில் கொடுப்பது பெரியவர்களுக்கே சலிப்பு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லெபூர்ஜ்வாவின் குழு இதை மூன்று வயதுக்கு முன்னும் பின்னுமான சிறு குழந்தைகளிடம் வீட்டிலேயே செய்து காட்டியது. மங்கலான அறையில் குழந்தைகளை ஒரு மாலை முழுக்க விளையாட்டுக் காட்டி வைத்திருந்தவர்களுக்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம். பெற்றோர் நிரப்பிய பட்டியலுக்கும் அந்த எச்சில் அளவுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது நடுத்தரமான தொடர்புதான். கூட்டத்தின் போக்கை அறியப் பட்டியல் போதும். ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது.

ஆக, ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் உலவுகின்றன. 1976 வகைப் பட்டியல் அளப்பது விருப்பம், மியூனிக் பட்டியல் அளப்பது நடத்தை, உமிழ்நீர் அளப்பது உடலின் நேரம். பெரியவர்களிடம் இந்த மூன்றும் ஓரளவு சேர்ந்தே நகரும். பிள்ளைகளிடம் விருப்பத்துக்கும் நடத்தைக்கும் நடுவில் ஒரு குடும்பமே நிற்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. அளக்கப்படும் பொருளே நகர்ந்துகொண்டிருக்கிறது. ரோன்னபெர்க் குழு 2004-இல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஏறத்தாழ 25,000 பேரின் விடைகளை வயதுவாரியாக அடுக்கியது. சிறு பிள்ளைகள் காலைக்காரர்கள். பருவம் வரும்போது நடுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு பின்னால் தள்ளிப்போகிறது. பெண்களுக்கு 19.5 வயதிலும் ஆண்களுக்கு 20.9 வயதிலும் உச்சம் தொட்டு, பிறகு சட்டென்று திரும்பி மீண்டும் முன்னால் வரத் தொடங்குகிறது. அந்தத் திருப்பத்தையே பதின்பருவம் முடிந்ததற்கான உடலின் அடையாளமாகக் கொள்ளலாம் என்றுகூட அவர்கள் எழுதினார்கள். தாத்தா நாலு மணிக்கு எழுவதும் பேரன் எட்டு மணிக்கு எழுவதும் ஒழுக்கத்தின் ஏற்றத்தாழ்வு அல்ல என்பதை இந்த ஒரு வளைகோடு சொல்லிவிடுகிறது.

வளைகோடு இப்படி ஓடுகிறது என்றால், பதினான்கு வயதில் ஒருவரை ஆந்தை என்று முத்திரை குத்துவதற்கு என்ன பொருள்? அதே வயதினரோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. ஆனால் பல ஆய்வுகளில் வகை பிரிக்கும் முறை இதுதான்: மதிப்பெண் வரிசையில் மேல் இருபது விழுக்காடு காலைக்காரர், கீழ் இருபது விழுக்காடு மாலைக்காரர், மற்றவர் இடைப்பட்டவர். இந்த முறையில் எந்தப் பள்ளியை எடுத்தாலும் அங்கே ஆந்தைகள் இருந்தே தீரும். மாட்ரிட் நகரத்தில் சேவல் என்று பெயர் வாங்கும் பிள்ளை, சீக்கிரம் அடங்கும் ஒரு கிராமத்தில் ஆந்தையாகலாம். ஸ்பெயினில் கார்ஸ்கடனின் பட்டியலைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குரிய எல்லைக்கோடுகளைத் தாங்களே தேட வேண்டியிருந்தது. பட்டியலை மொழிபெயர்ப்பது ஒரு மாத வேலை. எல்லைக்கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு.

பருவ வயதில் நடுப்புள்ளி ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. தூக்கத்தை ஆள்வது இரண்டு விசைகள் என்று அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் சொன்னார். ஒன்று உடற்கடிகாரம், மற்றொன்று விழித்திருக்கும்தோறும் ஏறும் தூக்க அழுத்தம். பருவம் முதிர்ந்த பிள்ளைகளிடம் அந்த அழுத்தம் மெதுவாகவே ஏறுகிறது என்று யென்னியும் கார்ஸ்கடனும் 2005-இல் காட்டினார்கள். அதனால் இரவு பத்து மணிக்குத் தம்பி சரிந்துவிட, அண்ணன் தெம்பாக இருக்கிறான். அவன் வீம்புக்கு விழித்திருக்கவில்லை. மாலை வெளிச்சத்தின் பங்கும் உண்டு. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை: அந்த வெளிச்சத்துக்கு மெலடோனின் அதிகமாக அடங்குவது பெரிய பிள்ளைகளிடம் அல்ல, பருவ மாற்றத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் இருப்பவர்களிடம். கைப்பேசியைப் பறித்துவைக்க வேண்டும் என்றால் பன்னிரண்டு வயதுக்காரரிடமிருந்து முதலில் பறிக்கலாம் போலிருக்கிறது. மரபணுவும் சும்மா இல்லை. 2019-இல் ஏறக்குறைய ஏழு லட்சம் பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு, காலை விருப்பத்தோடு தொடர்புடைய 351 இடங்களை மரபணுத் தொகுப்பில் அடையாளம் கண்டது.

இந்த அளவுகளுக்கெல்லாம் உண்மையான சோதனை ஆய்வகத்தில் நடக்கவில்லை, அர்ஜென்டினாவில் ஒரு பள்ளியில் நடந்தது. அங்கே மாணவர்கள் மூன்று ஷிப்டுகளில் படிக்கிறார்கள்: காலை 7.45, பிற்பகல் 12.40, மாலை 5.20. யாருக்கு எந்த ஷிப்டு என்பதைப் பெற்றோரின் செல்வாக்கோ மாணவரின் மதிப்பெண்ணோ தீர்மானிப்பதில்லை, குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆந்த்ரேயா கோல்டின், மரியா ஹூலியானா லியோனே, டியேகோ கோலோம்பெக் உள்ளிட்ட குழு 753 மாணவர்களின் நடுப்புள்ளியையும் மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டது. காலை ஷிப்டில் காலைக்காரப் பிள்ளைகள் எல்லாப் பாடங்களிலும் முந்தினார்கள், கணக்கில் அந்த வேறுபாடு மிக அதிகம். பிற்பகல் ஷிப்டில் அந்த முந்துதல் மறைந்துபோனது. மாலை ஷிப்டில் மாலைக்காரர்களுக்கு ஆதாயம் கிடைத்தது.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. பள்ளி நேரத்தை மாற்றினால் உடற்கடிகாரமும் கொஞ்சம் பின்தொடர்கிறது. மாலை ஷிப்டுக்காரர்களின் நடுப்புள்ளி தாமதமாகவே இருந்தது, ஆனால் நேர மாற்றம் முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. அதாவது நாம் அளக்கும் எண்ணுக்குள் பள்ளி மணியும் கலந்திருக்கிறது. இரண்டாவது செய்தி இன்னும் கூர்மையானது. காலையில் பரீட்சை வைத்து மாலைக்காரருக்கு ஐம்பது மதிப்பெண் போட்டால், அந்த ஐம்பதில் ஒரு பங்கு கணக்கு அறிவையும் ஒரு பங்கு மணி நேரத்தையும் குறிக்கிறது. நாம் இரண்டையும் சேர்த்துத் தகுதி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பள்ளி நேரத்தைப் பற்றிய சான்றுகள் இதற்கு முன்பே குவிந்திருந்தன. 1998-இல் கார்ஸ்கடன் குழு, 8.25-க்குத் தொடங்கிய பள்ளியிலிருந்து 7.20-க்குத் தொடங்கும் பள்ளிக்கு மாறிய மாணவர்களைப் பின்தொடர்ந்தது. பகலில் படுக்கவைத்துச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேர் நேராகக் கனவுத்தூக்கத்துக்குள் விழுந்தார்கள். நார்கோலெப்சி நோயாளிகளிடம் எதிர்பார்க்கும் காட்சி அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல், பதின்ம வயதினருக்கான பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியது. அசைவுமானியில் மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. நேரம் கொடுத்தால் இன்னும் நேரம் கழித்துத்தான் படுப்பார்கள் என்று பயந்தவர்களுக்கு அதுவே பதில். கலிபோர்னியா 2019-இல் சட்டமே இயற்றி 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பட்டியல்களைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? தினமும் ஆறு மணிக்கு எழ வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்பது அமெரிக்கப் பிள்ளைக்குக் கற்பனைக் கேள்வி. பேருந்து பிடிக்க ஐந்தரைக்கு எழும் பிள்ளைக்கு அது நேற்றைய செய்தி. காலை ஏழு மணிக்கு உடற்பயிற்சி வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்டால், மே மாதத்து மதுரைப் பிள்ளை வெயிலுக்கு முன்னால் முடிந்துவிடும் என்று மகிழ்ச்சியாகச் சம்மதிக்கும். பட்டியல் அதற்குச் சேவல் மதிப்பெண் போடும். இதைவிடப் பெரிய சிக்கல், நம்மிடம் அதிகாலை ஓர் அறம். விடியலில் எழுந்து படித்தால் மனத்தில் நிற்கும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, இரவில்தான் எனக்கு நன்றாகப் படிப்பு ஓடுகிறது என்று வகுப்பில் ஆசிரியர் கொடுத்த தாளில் எழுதுமா? அங்கே அது விருப்பத்தைச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறது.

அதிகாலைச் சிறப்பு வகுப்பின் தர்க்கமும் எனக்குப் புரிந்ததில்லை. மாநிலப் பொதுத்தேர்வு தொடங்குவது காலை 10 மணிக்கு. நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்கு. ஐந்து மணிக்கு எழுப்பப்பட்ட மூளையைக் கொண்டு இரண்டு மணித் தேர்வுக்குத் தயார் செய்வதில் என்ன நன்மை என்பதை நடத்துபவர்கள்தான் விளக்க வேண்டும். சூரியன் மட்டும் நம்மிடம் கொஞ்சம் கருணையோடு இருக்கிறது. இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையைப் பிடித்து வைத்தது, பாகைக்கு நான்கு நிமிடம். சென்னையின் சூரியன் கடிகாரத்துக்கு ஒன்பது நிமிடம்தான் பின்தங்கும், கோயம்புத்தூரில் இருபத்திரண்டு நிமிடம், குஜராத்தின் மேற்கு முனையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் மக்களின் தூக்க நடுப்புள்ளி கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகச் சூரியனைப் பின்தொடர்ந்து தள்ளிப்போவதை ரோன்னபெர்க் 2007-இல் காட்டினார். கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் உடல் சூரியனைத்தான் கேட்கிறது.

காலைக்காரர் வகுப்பு, மாலைக்காரர் வகுப்பு என்று இந்தப் பட்டியலை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் யோசனை எங்கேனும் எழுந்தால் அதை எதிர்க்க வேண்டும் என்பது என் கட்சி. தனிப் பிள்ளையைத் தரம் பிரிக்கும் அளவுக்கு இவற்றில் எதற்கும் கூர்மை இல்லை, அந்தப் பிள்ளையும் இரண்டு ஆண்டில் வேறு எண்ணாக மாறிவிடும். ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் எவ்வளவு தூக்கக் கடனில் இருக்கிறது என்று அறிவதற்கு இதே கருவி தாராளமாகப் போதும்.

அதற்கு நிறுவனம் எதுவும் தேவையில்லை. கோடை விடுமுறையில் முதல் இரண்டு வாரம் பழைய கடனைத் தீர்க்கப் பிள்ளையை விட்டுவிடுங்கள். அதன்பின் ஒரு வாரம், எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்குத் தானாக விழித்தது என்று காலண்டரில் குறியுங்கள். பள்ளி திறந்தபின் ஒரு வாரம் அதையே குறித்து, இரண்டு நடுப்புள்ளிகளையும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். முப்பது பெற்றோர் அப்படி ஒரு தாளோடு வந்தால், காலைச் சிறப்பு வகுப்பை எத்தனை மணிக்கு வைப்பது என்ற பேச்சைத் தலைமையாசிரியர் வேறு மாதிரி நடத்தியாக வேண்டும்.